வீம்பக்காவின் பன்னிரண்டு வார்த்தைகள்

வீம்பக்கா என்ற பட்டம் அவளுக்கு ஒரு நாற்காலியால் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. யாரோ விருந்தாளி வந்தார் என்று மேலாளர் அவளுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அதன் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டார். விருந்தாளி கிளம்பிப் போன பிறகும் நாற்காலி திரும்பவில்லை. அவள் சண்டை போடவில்லை. முக்காலியில் உட்காரவும் இல்லை. கம்ப்யூட்டரைத் தூக்கி அலமாரி மேல் வைத்து, சாயங்காலம் வரை நின்றபடியே தட்டச்சு செய்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மேலாளரே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"எதுக்குக்கா இவ்ளோ வீம்பு?"

"வீம்பெல்லாம் இல்ல சார். என் நாற்காலி, அவ்வளவுதான்."

அந்த அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். மேலே நீளமான ஒரே அறை. சுவர் ஓரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவார்கள். மருத்துவர்களின் குறிப்புகள், கம்பெனிக் கூட்டங்கள், யாரோ யாரிடமோ எடுத்த பேட்டிகள். பேசுகிறவர் தும்மினால் தும்மல் என்றுகூடக் குறிக்கவேண்டும். அடுத்தவர் பேச்சை நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, தங்களுக்குள் பேச அவர்களுக்கு நேரமே இருக்காது. அதனால்தானோ என்னவோ, தேநீர் இடைவேளையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள்.

வீம்பக்காவின் வீம்பு நாற்காலியோடு தொடங்கியதல்ல. முதல் வேலையில் முதல் சம்பளம் வந்த அன்றே, அவளுடைய அப்பா ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்டார். "சம்பளத்தைக் கேளுங்கப்பா, தரேன். நம்பரைக் கேக்காதீங்க" என்றாள். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. கொஞ்ச காலம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவளோ மாதா மாதம் பணத்தை எடுத்துவந்து அவர் கையிலேயே வைத்தாள். எண்ணை மட்டும் சொல்லவில்லை. கல்யாணமான பிறகு கணவரும் பேச்சுவாக்கில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"எங்க அப்பாவுக்கே சொல்லல."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பதற்றப்படாமல் பேசிப் பழகியவர். வீட்டிலும் அதே நிதானம்தான். "சரி விடு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அலுவலகத்துக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒருநாள் புதுச் செய்தி அனுப்பியது. வங்கி வழியாகப் பணம் வந்து சேர நாளாகிறது, பாதி வழியிலேயே கட்டணம் என்று கடித்துக்கொள்கிறார்கள். ஆகவே இனி வேலைக்கான பணம் டாலருக்கு ஈடான, இணையத்தில் மட்டுமே புழங்கும் கிரிப்டோ நாணயமாக, ஒவ்வொருவருக்கும் நேராகவே வரும். அதை வாங்க ஆளுக்கொரு வாலட் வேண்டும். வாலட் என்றால் பர்ஸ் இல்லை. கம்ப்யூட்டர் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சின்ன எக்ஸ்டென்ஷன். அதைத் திறந்ததும் ஒரு முகவரி கிடைக்கும். பணம் அனுப்ப அந்த முகவரி போதும். கூடவே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பன்னிரண்டு வார்த்தைகளையும் அது காட்டும். கம்ப்யூட்டரே எரிந்து போனாலும், அந்த வார்த்தைகளை வரிசை மாறாமல் தட்டினால் பணம் வேறு எங்கிருந்தும் திரும்பக் கிடைக்கும். எடுப்பது யார் என்று அது கேட்காது. வார்த்தை தெரிந்தவர் எவரானாலும் எடுக்கலாம்.

மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி விளக்கினார். எக்ஸ்டென்ஷனை எல்லோரும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம், இணைப்பை குரூப்பில் அனுப்பியிருக்கிறார். பிறகு அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளை அவர் தயாரித்திருக்கும் பட்டியலில் ஆளுக்கொரு வரியில் நிரப்பிவிட வேண்டும்.

"மறந்துட்டேன், தொலைச்சிட்டேன்னு நாளைக்கு யாரும் என்கிட்ட வந்து அழக் கூடாது பாருங்க. எல்லாம் ஒரே இடத்துல பத்திரமா இருக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்துவிட்டு வாரம் தவறாமல் அவர் மேசைக்கு வந்து நிற்கும் கூட்டத்தை மேய்த்துச் சலித்த மனிதர். அதிலும் வீம்பக்காவின் பக்கத்து மேசைப் பெண் தன் கடவுச்சொல்லை மாதம் தவறாமல் மறப்பவள். எப்போது பார்த்தாலும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதால் அவளுக்குக் கொட்டாவி என்றே பேர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வீம்பக்கா கையைத் தூக்கினாள்.

"சார், பணம் போட முகவரி போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"அப்போ வார்த்தை எதுக்கு உங்களுக்கு?"

"பாதுகாப்புக்குதான்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மேலாளரின் காது சிவந்தது. "நான் என்ன உங்க பணத்தை எடுத்துட்டா ஓடப் போறேன்?"

"நீங்க ஓட மாட்டீங்க சார். ஆனா என் வார்த்தை என்கிட்டயே இருக்கட்டும். வாலட்டையும் என் வீட்டு லேப்டாப்ல நானே போட்டுக்கறேன். முகவரி திங்கட்கிழமை தரேன்."

"எல்லாருக்கும் ஒரு வழின்னா இந்தம்மாவுக்குத் தனி வழி" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீறாப்பாகப் பேசிவிட்டாளே தவிர, அந்த வாலட்டை எப்படிப் போடுவது என்று அவளுக்குத் துளிகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தாள். எதிரே கணவர் ஒரு லிஃப்ட் பொத்தானைக் கழற்றிப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தார். வாலட்டின் பெயரைத் தேடுபெட்டியில் அடித்தாள். முதலாவதாக வந்ததை அழுத்தினாள். நல்ல வண்ணம், அழகான படம், 'இப்போதே சேர்க்கவும்' என்று பெரிய பொத்தான். சேர்த்தாள். மூலையில் ஒரு குட்டிப் படம் வந்து உட்கார்ந்தது. அதைத் திறந்ததும் பன்னிரண்டு காலிக் கட்டங்கள் வந்தன. உங்கள் வார்த்தைகளை இங்கே நிரப்புங்கள் என்றது.

அவள் விழித்தாள். "இது என்னய்யா, எந்த வார்த்தையைக் கேக்குது? இதுதானே எனக்குத் தரணும்?"

கணவர் எட்டிப் பார்த்தார். "என் தங்கச்சியைக் கேட்டா தெரியும்."

வீம்பக்காவின் முகம் சுருங்கியது. அவர் தங்கை செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். ஒருமுறை வீம்பக்காவின் உடைந்த போன் திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, கூசாமல் முழுக் காசும் வாங்கிக்கொண்டாள். 'அண்ணின்னா இலவசமா? நான் கடை நடத்தறேன், தர்மம் பண்ணல' என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் கணவர்தான் தபால்காரர்.

"அவளையா?" என்றாள் வீம்பக்கா. குட்டிப் படத்தைப் பார்த்தாள். மேலாளரின் சிவந்த காது ஞாபகம் வந்தது. போனை எடுத்தாள்.

நாத்தனார் நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. "என்ன அண்ணி, என்ன உடைஞ்சது?"

விஷயத்தைச் சொன்னாள்.

"எதையும் தட்டாதீங்க. ஏற்கெனவே ஏதாவது தட்டிட்டீங்களா?"

"இல்ல. தட்ட ஒண்ணுமில்லயே என்கிட்ட."

"நல்லவேளை. புதுசா வீடு கட்டறவகிட்ட யாராவது பழைய சாவியைக் கேப்பாங்களா? கேக்குதுன்னா அது திருடன் வச்ச கதவு. மொதல்ல வந்ததை அழுத்தினீங்களா?"

"ஆமா."

"மேல விளம்பரம்னு குட்டியா போட்டிருக்கும், பாருங்க."

வீம்பக்கா முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். போட்டிருந்தது, எறும்பு எழுத்தில். பெயரிலும் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஒற்றை எழுத்து. நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிற அவளுடைய கண்ணிலேயே அது படவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"மொதல்ல அதைத் தூக்கிப் போடுங்க. பிரவுசரை மூடித் திறங்க" என்றாள் நாத்தனார். "தேடாதீங்க. வாலட் கம்பெனியோட சொந்தப் பக்கத்து முகவரியை நீங்களே எழுத்தெழுத்தா அடிங்க. அங்கேருந்தே எக்ஸ்டென்ஷன் கடைக்கு வழி இருக்கும். அங்க போனதும், வெளியிட்டவங்க பேரைப் பாருங்க. எத்தனை பேர் இறக்கியிருக்காங்கன்னு பாருங்க. எல்லாரும் வச்சிருக்கறதை நாலே நாலு பேர் இறக்கியிருந்தா ஓடி வந்துடுங்க."

முகவரியை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டாள். நாத்தனார் தன் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்த்து வாசித்தாள். வீம்பக்கா எழுதிக்கொண்டாள். அதோடு விடவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய செய்தியிலும் அதே முகவரி இருக்கிறதா என்று ஒப்பிட்டாள். இருந்தது.

"என்னை நம்பலையா அண்ணி?"

"உன்னையும் நம்பல."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. நாத்தனார் தன்னிடம் சிரித்து அவள் கேட்டது அன்றுதான். "அப்படித்தான் இருக்கணும். இப்போ போடுங்க."

இந்தத் தடவை அது பழைய வார்த்தை எதையும் கேட்கவில்லை. புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது. பிறகு பன்னிரண்டு வார்த்தைகளைக் காட்டியது. "படம் பிடிக்காதீங்க, மெயில்ல போடாதீங்க, காகிதத்துல எழுதுங்க, என்கிட்ட வாசிச்சுக் காட்டாதீங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு நாத்தனார் போனை வைத்துவிட்டாள். கணவர் தானாகவே எழுந்து, பொத்தானையும் திருப்புளியையும் அள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் எழுதினாள், சரிபார்த்தாள், மறுபடி சரிபார்த்தாள். காகிதத்தை வீட்டில் எங்கே வைத்தாள் என்று இன்றுவரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மேலாளரிடம் முகவரியை மட்டும் கொடுத்தாள். முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், வந்து சேர்ந்தால் மீதியை அனுப்பட்டும் என்றாள்.

"உங்க வரி மட்டும் பட்டியல்ல காலியா இருக்குக்கா."

"இருக்கட்டும் சார்."

"எல்லாரும் கொடுத்தாச்சு."

"கேட்டதால கொடுத்தாங்க. என்னையும் கேட்டீங்க, நான் மாட்டேன்னுட்டேன்."

பணம் அனுப்ப முகவரிதான் வேண்டும் என்பது மேலாளருக்கும் தெரியும். அதைத் தடுக்க அவருக்கு வழியில்லை. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவர் கையில் இருந்தது. அந்த வாரத்திலிருந்து அவளுக்கு வந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் கண்றாவி. கூட்ட மண்டபத்தின் கடைக்கோடியில் போனை வைத்துப் பதிந்தவை, நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துபவை, பின்னால் மிக்ஸி ஓடுபவை. அடுத்தவர்கள் இரண்டு முடிக்கும் நேரத்தில் அவளால் ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை. வருமானம் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கணவர் லிஃப்ட் குரலில் சொல்லிப் பார்த்தார். "பன்னெண்டு வார்த்தைதானே. அவரும் நல்ல மனுஷன்தான்னு நீயே சொல்றே."

"நல்ல மனுஷன்தான். அதுக்காக?"

"இரைச்சல்ல காது போயிடும்."

"காது என்னுது. வார்த்தையும் என்னுது."

அவர் எழுந்து போய் அவளுக்குச் சூடாகத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். வேறு என்ன செய்வது?

கம்பெனியின் பெரிய தவணை வந்த வாரம் அது. வந்தது வந்தபடி வாலட்டில் கிடக்க, அதை வங்கிக்கு மாற்றுவது எப்படி என்று மேலாளர் மறுநாள் சொல்லித் தருவதாக இருந்தார். மறுநாள் காலையில் கொட்டாவி கணக்கைத் திறந்தாள். கொட்டாவி விடத் திறந்த வாய் மூடவில்லை.

"அக்கா, என்னுதுல ஒண்ணுமே இல்லக்கா."

அடுத்தவள் திறந்தாள், அதற்கடுத்தவள் திறந்தாள். வரிசையாக எல்லாம் பூஜ்யம். வந்த பணம் யாருடையதோ ஒரு முகவரிக்குப் போயிருந்தது, எல்லோருடையதும் அந்த ஒரே முகவரிக்கு. ஹெட்போன்கள் மேசையில் கிடந்தன. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுது?" என்று யாரோ கேட்டார்கள்.

வீம்பக்கா கைப்பையிலிருந்த லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். பணம் அப்படியே இருந்தது.

அறை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. "இவளுது மட்டும் எப்படிப் போகல?" என்றாள் பின்வரிசைக்காரி. "அன்னைக்கே பிடிவாதமா தனியா போட்டாளே. இவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

வீம்பக்கா எழுந்து நின்றாள். "தெரிஞ்சிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேன். எல்லார் முன்னாடியும் கையைத் தூக்கி ஏன் கேக்கணும்? என்னைப் பாக்காதீங்க. வார்த்தையெல்லாம் எங்கே இருந்தது, அதைப் பாருங்க."

பார்வைகள் மேலாளர் பக்கம் திரும்பின. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. போனை எடுத்துக் காட்டினார். முந்தின நாள் வாலட் கம்பெனியின் உதவி மையம் என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. சின்னம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒரே இடத்திலிருந்து பல வாலட்கள் திறக்கப்பட்டதால் எல்லாம் முடக்கப்படும், தவிர்க்க வேண்டுமானால் இந்த இணைப்பில் போய் எல்லா வார்த்தைகளையும் பதிந்து உறுதி செய்யவும் என்றது. எல்லோருடைய பணமும் முடங்கிவிடுமே என்று பதறி, பட்டியலை அப்படியே அந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

"உங்களுக்காகத்தான் செஞ்சேன்" என்றார். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

அழுகையும் வசவும் கலந்து எழுந்தன. அலுவலகத்தின் முதலாளியம்மா விஷயம் கேள்விப்பட்டுப் படியேறி வந்தார். வந்த வேகத்திலேயே முடிவு செய்துவிட்டார்: மேலாளரே திருடிவிட்டு நாடகமாடுகிறார், போலீசில் அப்படித்தான் புகார் கொடுக்கப் போகிறோம், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஆள் பேனாவைத் தேடினார்கள். காகிதம் கை மாறி வந்து வீம்பக்காவிடம் நின்றது. அவள் முழுதாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல நான் போட மாட்டேன்."

"உன்னைத்தானே அவன் இத்தனை நாள் இரைச்சல் டேப்பா கொடுத்து வதைச்சான்?" என்றார் முதலாளியம்மா.

"வதைச்சார். அதை அவர்கிட்ட தனியா பேசிக்கறேன். ஆனா அவர் எடுக்கல மேடம். எடுக்கறவனுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டார். ரெண்டும் வேற. கேட்ட உடனே அவர் கொடுத்துட்டார். அவர் கேட்டப்போ நாமளும் அப்படித்தானே கொடுத்தோம்? திருடன்னு எழுதினா போலீஸ் இவர் வீட்டைத்தான் தேடும். உண்மையான திருடன் சிரிச்சுக்கிட்டே இருப்பான்."

"நீ கொடுக்கலையே, 'நாம'ங்கறே?" என்று கேட்டாள் கொட்டாவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நானும் திருடன் வச்ச கதவுல கை வச்சவதான். யாரோ சொன்னதால கையை எடுத்தேன்."

முதலாளியம்மா காகிதத்தை மறுபடி அவளிடமே நீட்டினார். வேலை போய்விடும் என்று கொட்டாவி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். வீம்பக்கா அசையவில்லை. கடைசியில் வேறு காகிதம் வந்தது. என்ன செய்தி வந்தது, எப்போது வந்தது, பட்டியல் எப்படிப் போனது, பணம் எந்த முகவரிக்குப் போனது, எல்லாம் நடந்தது நடந்தபடி. வீம்பக்கா சொல்லச் சொல்ல, மேலாளரே தட்டச்சு செய்தார். முதல் கையெழுத்து அவள்தான் போட்டாள்.

பணம் திரும்பி வரவில்லை. புகாரை வாங்கிக்கொண்ட அதிகாரி, போனது எந்த நாட்டில் எவன் கையில் இருக்கிறதோ என்று கையை விரித்தார். முதலாளியம்மா தன் பங்கிலிருந்து கொஞ்சம் ஈடுகட்டினார், முழுவதும் முடியவில்லை. மேலாளரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர் வீம்பக்காவிடம் வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். நாளையிலிருந்து நல்ல டேப்பா கொடுங்க."

கொடுத்தார்.

முதலாளியம்மா ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இனிமே இந்த வாலட் பொறுப்பெல்லாம் நீயே பாத்துக்கோ. எல்லாருடைய வார்த்தையும் உன்கிட்ட இருக்கட்டும். உன்மேலதான் எனக்கு நம்பிக்கை."

"என்மேல நம்பிக்கை இருந்தா என்கிட்ட தராதீங்க மேடம்."

"அப்போ யாருதான் வச்சுக்கறது?"

"அவங்கவங்க."

"தொலைச்சுட்டா?"

"தொலைஞ்சதுதான். யாராலும் திருப்பித் தர முடியாது. அதை முதல்லயே எல்லார்கிட்டயும் சொல்லிடலாம். பயமா இருக்கறவங்களுக்கு வங்கியிலேயே அனுப்பச் சொல்லி கம்பெனிக்கு எழுதுங்க. வேண்டாம்னு சொல்ற உரிமையும் வேணும்ல?"

முதலாளியம்மா எழுதினார். கம்பெனி முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டது. சிலர் வங்கிக்கே திரும்பினார்கள். மற்றவர்கள் புதிதாக வாலட் திறக்க முடிவு செய்தார்கள். பழைய வார்த்தைகள் ஊரெல்லாம் தெரிந்துபோனவை. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது.

ஒரு சனிக்கிழமை நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே கட்டணம் பேசிக்கொண்டாள். அண்ணியிடமும் வாங்கினாள். விளம்பரம் எது, வெளியிட்டவர் பெயர் எங்கே இருக்கும் என்று ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று காட்டினாள். வார்த்தைகள் வரும் கட்டம் வந்தபோது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்புகளும், இரவல் வாங்கிய லேப்டாப்புகளும் மேசைகளை நிறைத்திருந்தன. மேலாளர் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எந்தத் திரையின் பக்கமும் தலையைத் திருப்பவில்லை.

வீம்பக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வரிசையாக நடந்து வந்தாள். கொட்டாவியின் மேசையருகே வந்ததும், எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் கொட்டாவி பட்டென்று உள்ளங்கையை விரித்து மூடினாள்.

"தள்ளிப் போங்கக்கா."

"நான்டி."

"நீங்கதான். நீங்களும் பாக்கக் கூடாது."

வீம்பக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளுடைய டம்ளரை எடுக்காமலேயே அடுத்த மேசைக்குப் போனாள்.